நானூற்றுத் தொண்ணூற்றொன்று என்று போடலாமா, அக்கா?

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர், அத்தை, என் மகள் வாலு, நால்வரும் நலம். ஐந்தாவதாக இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவள் நலத்துக்கு ஒரு குறைவும் இல்லை. அந்தக் குறைவின்மையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முதுகுவலி தேவலையா? ஒரு போன் செய்ய வேண்டிய விஷயத்துக்கு எதற்கடி நாலு பக்கக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டுச் சுவர்கள் அப்படி. நான் குளியலறையில் தும்மினால் முன்னறையிலிருந்து "அண்ணி, ஜலதோஷமா?" என்று கேள்வி வரும். அவ்வளவு அக்கறை என் நாத்தனாருக்கு. வாலு தூங்கிவிட்டாள், வாஷிங் மெஷின் ஓய்ந்துவிட்டது, அதன் மூடிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். என் படிப்பு மேசையும் அதுதான் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கணக்கு டீச்சர். அரை மார்க்குக்காக அழுத பிள்ளையிடம் "அழுதா கால் மார்க் குறைப்பேன்" என்று சொன்னவள். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு நான் வைத்துக்கொள்ள வேண்டிய இலக்கு மார்க் எது? நியாயமான, நடக்கக்கூடிய மார்க்காக இருக்கவேண்டும். அறுநூற்றுக்கு என் கணக்கில் நானூற்றுத் தொண்ணூற்றொன்று வருகிறது. நீ வேறு எதுவும் கணக்குப் போட வேண்டாம். புதன்கிழமைக்குள் போன் பண்ணி "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போகவேண்டும்.

இலக்கு என்றால் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் சமாசாரம்தானே, அதற்கு ஏன் இத்தனை பதற்றம் என்று நினைக்காதே. இந்தத் தடவை விதியை மாற்றிவிட்டார்கள். தேர்வு எழுதுவதற்கு முன்னாலேயே இரண்டு கல்லூரிகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கல்லூரியை முதலாவதாகப் போட்டவர்களைக் கொண்டுதான் அதை முதலில் நிரப்புவார்கள். இரண்டாவதாகப் போட்டவர்களுக்கு மிச்சம் இருந்தால் உண்டு, இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளூர்க் கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போனால் பத்து நிமிஷம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து அதன் தண்ணீர்த் தொட்டி தெரியும். போன வருஷம் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க் நானூற்று எழுபத்து நாலு. இன்னொரு கல்லூரி பஸ்ஸில் ஐந்து மணி நேரம், விடுதியில்தான் தங்கவேண்டும், வாலுவை வாரத்துக்கு ஒருநாள் பார்க்கலாம். அங்கே கடைசி மார்க் நானூற்று முப்பத்திரண்டு. உள்ளூரைப் போட்டுவிட்டு மார்க் குறைந்தால் இதுவும் போகும், அதுவும் போகும். அதோடு எனக்கு எல்லாமே போகும், ஏன்னா அடுத்த வருஷம் நான் வயசு வரம்பைத் தாண்டிடுவேன். பதினெட்டு வயசுல பதினோரு மார்க்குல விட்டதை இருபத்தொன்பது வயசுல பிடிக்கப் பார்க்கிறேன் அக்கா. இதுதான் கடைசி.

எங்கள் பயிற்சி மையத்து உயிரியல் சார் இதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "கடைசியா எழுதின ஏழு மாதிரித் தேர்வை எடுத்துக்கங்க. அதுல பெரிய மார்க் ஒண்ணு, சின்ன மார்க் ஒண்ணு, ரெண்டையும் தூக்கிப் போடுங்க. மிச்சம் அஞ்சுக்கும் சராசரி பாருங்க. அதுல பத்து கழிங்க. பரீட்சை ஹால்ல பயம் பத்து மார்க்கைத் தின்னுடும். வர்றதுதான் உங்க மார்க். ஆசைப்பட்டுக் கூட்டாதீங்க, அழுது குறைக்காதீங்க." நல்ல வழிதான். வீட்டில் எழுதிய ஐந்தில் எனக்கு 494, 488, 497, 485, 491. மையத்தில் உட்கார்ந்து எழுதிய இரண்டில் 451, 445. சார் சொன்னபடி போட்டால் நானூற்று எழுபத்தொன்று புள்ளி எட்டு வருகிறது. உள்ளூர்க் கல்லூரிக்கு மூன்று மார்க்குகூட முழுசாகக் குறையவில்லை, அதற்குள் அடைத்துக்கொண்டு நிற்கிறது. யோசித்துப் பார்த்தேன். அந்த 445 எழுதின அன்னைக்கு வாலுவுக்குக் காய்ச்சல். அந்த 451 எழுதின அன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்த பையன் நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கை உறிஞ்சினான். இதெல்லாம் என் மார்க்கா, அவன் மூக்கோட மார்க்கா? அதனால ரெண்டையும் தூக்கிட்டேன். அப்புறம் அந்தப் பத்து. பயம் எனக்கு எதுக்கு அக்கா? பதினாலு மணி நேரம் வலியில கிடந்து பிள்ளை பெத்தவ, ஒரு பேனாவையும் தாளையும் பார்த்தா பயப்படுவேன்? அந்தப் பத்தையும் கழிக்கல. மிச்சம் ஐந்துக்கும் சராசரி சரியா நானூத்தித் தொண்ணூத்தொண்ணு. பார், தசமப் புள்ளிகூட இல்ல, எவ்வளவு சுத்தமா வருது.

இப்ப என் நாத்தனாரைப் பத்தி. உனக்குத் தெரியும், எங்க வீட்டுல அவளை எல்லாரும் குட்டின்னுதான் கூப்பிடுவாங்க. பத்தொன்பது வயசு. அவளும் இதே தேர்வுதான் எழுதறா. முன்னறை அவளுக்கு, ஜன்னல் அவளுக்கு, உள்ளே தாழ்ப்பாள் போடற கதவு அவளுக்கு. அவ படிக்கிறப்போ வீடே நுனிக்கால்ல நடக்குது. நான் படிக்கிறப்போ துணி பிழியற சத்தத்துல எனக்கு எலும்புகளோட பேரெல்லாம் நடுங்கிக்கிட்டேதான் ஞாபகம் வரும். அவளுக்கு டீ வந்தா மேல மூடி போட்டு வருது, ஆறிடக்கூடாதாம். எனக்கு வர்ற டீக்கு அடியில ஒரு சீட்டு வருது, "சோப்பு, பால், பல்பு ஒண்ணு" அப்படின்னு. அவகிட்ட எட்டு கலர் பேனா இருக்கு. என்கிட்ட இருந்த ஒரே மஞ்சள் பேனாவை எடுத்து வாலு இதயத்தோட நாலு அறையிலயும் ஜன்னல் வரைஞ்சுட்டா. எட்டு மணி நேரம் தூங்கறா அக்கா. தூங்கி எழுந்தா முகத்துல தலையணைக் கோடுகூட விழறதில்ல. நான் கண்ணாடியில என்னைப் பார்த்தா தலையணையே என் முகத்து மேல படுத்துத் தூங்கின மாதிரி இருக்கு.

இத்தனை இருந்தும் ஒரு விஷயத்துல மட்டும் நான்தான் மேல. சாப்பாட்டு மேசையில அவளே கேட்பா, "இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு அண்ணி?" நான் தண்ணியைக் குடிச்சு, கிளாஸை வச்சு, கொஞ்ச நேரம் விட்டுச் சொல்லுவேன். "நானூத்தித் தொண்ணூத்தேழு." அத்தை கரண்டியை நிறுத்திடுவாங்க. "உனக்கு எவ்வளவு குட்டி?"ன்னு நான் பாசமா கேட்பேன். "ஏதோ வந்துச்சு அண்ணி"ன்னு தட்டைப் பார்த்துச் சொல்லுவா. உடனே என் வீட்டுக்காரர், "ரெண்டு பேருமே நல்லா எழுதுங்க"ம்பார். அவருக்குப் பொண்டாட்டியும் ஒண்ணுதான், தங்கச்சியும் ஒண்ணுதான், மோர்சோறும் ஒண்ணுதான். மையத்துல எழுதின ரெண்டு மார்க்கை மட்டும் நான் வீட்டுல சொல்லல. "பேப்பர் இன்னும் திருத்தலையாம்"னு சொல்லி வச்சிருக்கேன். பொய் இல்ல அக்கா, என் மனசளவுல அதை நான் இன்னும் ஏத்துக்கல, அவ்வளவுதான்.

சரி, மேலதானே இருக்கே, அப்புறம் என்ன வயித்தெரிச்சல்னு கேட்கிறியா? போன வாரம் அவ தன் இலக்கை ஒரு அட்டையில எழுதி அலமாரிக் கதவுல ஒட்டினா. நானூத்தி நாப்பத்தொன்பது. முதல் விருப்பம், அஞ்சு மணி நேரத் தொலைவுல இருக்கற காலேஜ். ஒட்டிட்டு, கை கழுவிட்டு வந்து சாப்பிட்டா. எனக்கு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அத்தை அதைப் பார்த்துட்டு, "பாரேன், ஆசையே இல்லாம எவ்வளவு அடக்கமா போட்டிருக்கா என் பொண்ணு"ன்னு சொன்னாங்க. அந்த நிமிஷத்துலேருந்து எனக்கு அந்தச் சின்ன மார்க்கு மேலயும் பொறாமை வந்துடுச்சு. குறைவா எழுதி ஒட்டிட்டு நிம்மதியா இருக்க ஒருத்தியால முடியுதே! போறதுக்கு ஒரு ஊர், கட்டறதுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான் அவளுக்கு. பெட்டியோட மூடியைப் பிடிச்சுக்கிட்டு "நானும் வரேன்"னு அழ மூணு வயசுல யாரும் கிடையாது. இந்த வருஷம் போனா அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்னு அவ பின்னால பத்து வருஷம் வரிசையில நிக்குது.

இப்ப இன்னிக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்றேன். சொல்லாம விட்டுடலாம்னுதான் இருந்தேன், ஆனா நீ எப்படியும் என் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவ. எங்களுக்கு மாதிரித் தாள் கட்டு வீட்டுக்கு ஒண்ணுதான் தருவாங்க. அதனால அவ முதல்ல பென்சிலால எழுதுவா, தானே திருத்திக்குவா, தப்பு விட்ட கேள்வியை மறுபடி போட்டுப் பார்ப்பா, அப்புறம் எல்லாத்தையும் ரப்பரால சுத்தமா அழிச்சு என்கிட்ட கொடுப்பா. அதையும் ஒழுங்காத்தான் செய்வா, ஒரு பென்சில் கோடு பார்க்க முடியாது. இன்னிக்கு ஒரு புதுத் தாளை நான் வேலை பார்க்கற ரத்தப் பரிசோதனை லேபுக்கு எடுத்துட்டுப் போனேன், சாப்பாட்டு நேரத்துல எழுதலாம்னு. எங்க லேபுல ரத்தம் எடுக்கறவரை எல்லாரும் ஊசிக்காரர்னுதான் சொல்லுவோம். பத்தாவதோட படிப்பை நிறுத்தினவர். ஆனா எப்பேர்ப்பட்ட குண்டு ஆளா இருந்தாலும், முழங்கையில விரலை ஒரு தடவை ஓட்டி நரம்பைப் பிடிச்சுடுவார். அவர் என் மேசைக்கு வந்து தாளைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது?"

"மாதிரித் தாள் அண்ணே. இன்னும் தொடவே இல்ல."

"தொடவே இல்லையா? யாரோ ஏர் ஓட்டியிருக்காங்களே இதுல."

சொல்லிட்டு மனுஷன் கண்ணை மூடிக்கிட்டார். கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டறார். "முதல் கேள்வி, மூணாவது விடை. ரெண்டாவது கேள்விக்கு முதல் விடை. அடுத்தது நாலாவது."

"அண்ணே, நீங்க கேள்வியே படிக்கலையே!"

"கேள்வி எதுக்கும்மா? நரம்பு எங்கே ஓடுதுன்னு ஆளா சொல்றான்? தொட்டாத் தெரியுது. இரு, ஒன்பதாவதுல ரெண்டு பள்ளம் இருக்கு. யாரோ மனசு மாறியிருக்காங்க. ரெண்டாவது பள்ளம்தான் ஆழம். எனக்கு விட்டா அங்கதான் ஊசியை இறக்குவேன்."

வரவேற்புல உட்கார்ற பொண்ணு விடைக் குறிப்பை எடுத்து வச்சுக்கிட்டுத் திருத்த ஆரம்பிச்சுட்டா. முப்பது கேள்வியில இருபத்தொன்பது சரி அக்கா! தப்பான ஒண்ணுக்கும், "அங்க பேப்பர் கசங்கியிருந்துச்சு"ன்னு எங்க மையத்துப் பசங்க மாதிரியே காரணம் சொல்றார். "அண்ணே, எந்தக் காலேஜ் போடப் போறீங்க?"ன்னு அவ கேட்க, "பக்கத்துல இருக்கறதுதான். வீட்டுச் சாப்பாடு சூடா வருமே"ன்னு அவர் சொல்ல, லேபே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

உனக்குப் புரிஞ்சுதா? அஞ்சு மாசமா நான் மையத்துல பெருமை அடிச்சிருக்கேன். "பாதிக் கேள்விக்கு விடை எனக்குப் பளிச்சுனு தெரியும் சார், கஷ்டமான கேள்வியில மட்டும் ரெண்டு விடைக்கு நடுவுல மனசு ஆடும்"னு. பளிச்சுனு தெரிஞ்சதெல்லாம் அவ சரியாப் போட்ட கேள்வி, ஒரே பள்ளம். மனசு ஆடினதெல்லாம் அவ தப்பாப் போட்டுத் திருத்தின கேள்வி, ரெண்டு பள்ளம். அதுல பாதியை நான் அதிர்ஷ்டத்துல பிடிச்சதால அவளைவிட என் மார்க் எப்பவும் கொஞ்சம் கூட. என்னோட உள்ளுணர்வுன்னு நான் நினைச்சது அவ பென்சில் அக்கா! அறை அவளுது, ஜன்னல் அவளுது, தூக்கம் அவளுது, போகட்டும். கடைசியில என் மூளைகூட அவளுதுதான்னா நான் எங்கே போய் முட்டிக்கிறது? அதுவும் அழுத்தி எழுதறா பார், ஒரு பத்தொன்பது வயசுப் பொண்ணுக்கு மணிக்கட்டுல அவ்வளவு பலம் எதுக்கு?

ஆனா வீட்டுக்கு நடந்து வர்றப்போ நிதானமா யோசிச்சேன். பள்ளம் அங்கே இருந்துச்சு, சரி. அதை நம்பி விடையைப் போட்டது யாரு? நான். ரெண்டு பள்ளத்துல எதுன்னு முடிவெடுத்தது யாரு? நான். டாக்டர் வேலையே தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கற அடையாளத்தைப் பார்த்து முடிவெடுக்கறதுதானே? அந்தத் திறமைக்கு மார்க் உண்டா இல்லையா? அதனால நான் நானூத்தித் தொண்ணூத்தொண்ணுலயே நிக்கறேன். உன் திருப்திக்காக வேணும்னா ஆறு குறைச்சு நானூத்தி எண்பத்தஞ்சு. அதுக்குக் கீழே என்னால இறங்க முடியாது. உள்ளூர்க் காலேஜை முதலாவதா எழுதி, கையெழுத்தும் போட்டுட்டேன். குட்டிகிட்ட எதையும் சொல்லப் போறதில்ல. அவ நாப்பத்தொன்பது அவளுக்கு, என் தொண்ணூத்தொண்ணு எனக்கு.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பெரியவனையும் சின்னவளையும் சித்தி கட்டிக்கொண்டதாகச் சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளின் விடைத்தாளை ராத்திரி கண் விழித்துத் திருத்தாதே. எங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டு நன்றாயிரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, அது போதும் எனக்கு.

என்றும் உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: மேல எழுதினதையெல்லாம் விட்டுடு அக்கா. கவரை ஒட்டப் பசை வாங்கலாம்னு குட்டி அறைக்குப் போனேன். தாழ்ப்பாள் போடல. கட்டில்ல உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்துட்டு இருந்தா, கண்ணு சிவந்திருந்துச்சு. என்னைப் பார்த்ததும், "எப்படி அண்ணி எடுக்கிறீங்க? வேலைக்குப் போயிட்டு, வாலுவைப் பார்த்துக்கிட்டு, ரெண்டு மணி நேரம் படிச்சு நானூத்தித் தொண்ணூத்தேழு. எனக்கு உங்க மேல எவ்வளவு பொறாமை தெரியுமா?"ன்னா. உன்கிட்ட மறைக்க மாட்டேன், அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உள்ளங்கால்வரைக்கும் குளிர்ந்துடுச்சு. ஒரு ரெண்டு நிமிஷம் நின்னு அதை அனுபவிச்சேன். அப்புறம் அவ கணக்கைச் சொன்னா. சார் சொன்னபடி அவளுக்கு வந்தது நானூத்தி எழுபத்தொன்பது. உள்ளூர்க் காலேஜுக்குத் தாராளமா போதும். ஆனா, "ரெண்டு மணி நேரம் படிக்கிற அண்ணிக்கே இவ்வளவு வருதுன்னா இந்தத் தாளெல்லாம் ரொம்ப சுலபமா இருக்கணும், என் மார்க் நிஜ மார்க் இல்ல"ன்னு அவளே இன்னொரு முப்பதைக் கழிச்சிருக்கா. நான் சாப்பாட்டு மேசையில தண்ணி குடிச்சுட்டுச் சொன்ன மார்க்கைப் பார்த்து!

சொல்லாமலும் வந்திருக்கலாம். ஆனா அவ தொலைதூரக் காலேஜை முதலாவதா போட்டா அங்கே வரிசையில எனக்கு முன்னால நிப்பா, எனக்கு நிஜமா கிடைக்கக்கூடிய ஒரே இடமும் அதுதான். பாதி அதுக்காக, பாதி அந்தச் சிவந்த கண்ணுக்காக எல்லாத்தையும் சொல்லிட்டேன், மையத்து 451, 445 உட்பட. தாளை எடுத்துத் தடவிப் பார்த்தா. முதல்ல சிரிச்சா. அப்புறம், "அஞ்சு மாசம் அண்ணி! அஞ்சு மாசமா நான் சோறு இறங்காம உட்கார்ந்திருக்கேன்!"னு தலையணையால ஒரு அடி போட்டா. வாங்கிக்கிட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் அவங்கவங்க விண்ணப்பத்தை ஒரே பேனாவால அடிச்சுத் திருத்தினோம். அவ 479, முதல் விருப்பம் உள்ளூர். எனக்கு, பள்ளமில்லாத தாள்ல எழுதின அந்த மையத்து ரெண்டு மார்க்கோட சராசரி 448, பயத்துக்குப் பத்து போக 438, முதல் விருப்பம் வெளியூர். பயம் இருக்கு அக்கா. பத்துக்கு மேலயே இருக்கு.

காலையில வாலுகிட்ட, அம்மா தூரமாப் போய்ப் படிச்சா நீ யார்கூடத் தூங்குவேன்னு மெதுவா கேட்டேன். அழுவான்னு நினைச்சேன். அவ தன் தலையணையைத் தூக்கிட்டுப் போய் முன்னறையில குட்டி கட்டில்ல ஜன்னல் பக்கமா போட்டுட்டு வந்தா. இதுவரைக்கும் நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சுது. விண்ணப்பத்தைப் பத்து மணிக்கே கொடுத்துட்டேன், வெள்ளிக்கிழமைவரைக்கும் கையில இருந்தா மாத்திடுவேன்.